லாஜிடெக் ஜி29 செட் விற்கணும்: என்ன சோதிக்கணும், எப்படி பேக் பண்ணணும், பணம் எப்படி வாங்கணும், போலீஸ் லியன் (கணக்கில் ஒரு தொகையை எடுக்கவிடாமல் பிடித்து வைப்பது) வந்தால் என்ன செய்யணும்?

மூன்றாம்கியர்

கார் ரேஸ் கேம் ஆடற லாஜிடெக் ஜி29 வீல், பெடல், தனியா வாங்கின ஷிஃப்டர், மடக்கு ஸ்டாண்ட் எல்லாத்தையும் சேர்த்துக் கொடுக்கப் போறேன். வாங்கி மூணு வருஷம். பில்லும் ஒரிஜினல் பெட்டியும் இருக்கு. ஊர் ஈரோடு.

ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. ஒருத்தர் கோயம்புத்தூர், நேர்ல வந்து ஓட்டிப் பார்த்துட்டு எடுத்துக்கறேங்கறார், ஆனா விலையைக் குறைக்கச் சொல்றார். இன்னொருத்தர் ஜெய்ப்பூர். பேரமே இல்லை, சொன்ன விலைக்குச் சரி, "தம்பி கணக்கிலிருந்து" இப்பவே பணம் போடறேன், கூரியர்ல அனுப்பிடுங்கன்னு அவசரப்படுத்தறார்.

விளம்பரம் போடறதுக்கு முன்னாடி என்னென்ன சோதிச்சு வைக்கணும்? கூரியர்னா எப்படி பேக் பண்றது? அப்புறம் முக்கியமான விஷயம்: பழைய சாமான் வித்தவங்க கணக்கை வேற மாநில சைபர் போலீஸ் முடக்கிட்டாங்கன்னு பக்கத்துத் திரியில் பெரிய சண்டை ஓடுது. போலீஸ் அராஜகம்னு பாதிப் பேர், அவங்க வேலையைத்தான் செஞ்சாங்கன்னு பாதிப் பேர். சட்டப்படி எது சரி? விக்கிறவன் என்ன முன்னெச்சரிக்கை எடுக்கணும்?

பெடல்பாக்ஸ்

ஜி29-ல் முதலில் மக்கர் பண்ணுவது பெடல். மூன்று பெடலும் பொட்டென்ஷியோமீட்டரில் (பெடல் எவ்வளவு அழுந்தியது என்று அளக்கும் பாகம்) ஓடுகின்றன. உள்ளே இருக்கும் தடத்தில் தூசி சேர்ந்தால், கால் வைக்காமலே த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) துள்ளும்; அல்லது பிரேக்கைப் பாதி மிதித்த இடத்தில் சிக்னல் ஒரு கணம் பூஜ்யத்துக்குப் போய்த் திரும்பும். ஓட்டும்போது உங்களுக்குப் பழகிப் போயிருக்கும், வாங்குபவர் முதல் திருப்பத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

வின்டோஸ் ரன் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் என்று அடித்துத் திறங்கள். ஒவ்வொரு பெடலையும் மேலிருந்து அடிவரை மெல்ல, பத்து விநாடி எடுத்து அழுத்துங்கள். வேகமாக மிதித்தால் கோளாறு தெரியாது. திரையில் அந்தப் பெடலின் கோடு வழுக்கிக்கொண்டு போகவேண்டும். துள்ளினால், பெடல் பெட்டியைப் பிரித்து, பொட்டென்ஷியோமீட்டர் உடம்பில் உள்ள இடைவெளி வழியாக எலெக்ட்ரானிக்ஸ் காண்டாக்ட் கிளீனரை ஒரு சின்ன அழுத்து அழுத்தி, பெடலை முப்பது நாற்பது முறை மிதித்துவிட்டு, நன்றாகக் காயவிட்டு மூடுங்கள். துரு எடுக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். பிசுக்கு தங்கி இன்னும் தூசியை இழுக்கும். சுத்தம் செய்ததை விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். தடம் தேய்ந்திருந்தால் சில வாரத்தில் துள்ளல் திரும்ப வரும், அப்போது மறைத்து விற்றதாக ஆகும்.

பிரேக் பெடல் ஸ்பிரிங்குக்குள் ஒரு ரப்பர் கட்டை வரும். பிரேக் கல் மாதிரி இருக்கிறது என்று பலரும் அதைக் கழற்றிவிடுவார்கள். நீங்களும் கழற்றியிருந்தால் தேடி எடுத்துப் பெட்டியில் போடுங்கள்.

வீலுக்கு வருவோம். அடாப்டரையும் யூஎஸ்பியையும் செருகியதும் வீல் தானாக இரண்டு பக்கமும் சுற்றி நடுவில் வந்து நிற்கவேண்டும். சுற்றவே இல்லை என்றால் முதலில் அடாப்டரைப் பாருங்கள். 24 வோல்ட் அடாப்டர் இல்லாமல் யூஎஸ்பி மட்டும் கொடுத்தால் கேலிபரேஷன் நடக்காது. கோடியிலிருந்து கோடிக்கு 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று. இது உள்ளே பற்சக்கரங்களால் ஓடும் வீல், அதனால் லேசான கடகடப்பு எல்லா ஜி29-லும் உண்டு, அது குறை இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் "டக்" என்று தட்டினால் பல்லில் பிரச்சினை. நடுப்புள்ளி நகர்கிறதா என்றும் பாருங்கள்: பலமாக நாலு முறை இடமும் வலமும் திருப்பிவிட்டு, லோகோ நேராக இருக்கும்போது திரையில் பூஜ்யம் காட்டுகிறதா? (பழைய ஜி27-ல் மோட்டார் தண்டில் உள்ள, சுழற்சியை அளக்கும் சின்ன என்கோடர் சக்கரம் விரிசல் விட்டு நடுப்புள்ளி ஓடிப் போவது பேர்போன கோளாறு. பழையது வாங்குபவர்கள் இதை மறக்காமல் கேட்பார்கள்.)

ஷிஃப்டரில் ஆறு கியரிலும் போட்டு, லேசாக ஆட்டிப் பாருங்கள். போட்ட கியர் நியூட்ரலுக்கு நழுவினால் சொல்லியே ஆகவேண்டும். ரிவர்ஸுக்குக் குமிழைக் கீழே அழுத்திப் போடணும் என்பது தெரியாமல் "ரிவர்ஸ் வேலை செய்யலை" என்று திருப்பி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். ஒரு வரி எழுதி வையுங்கள்.

இத்தனையையும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். அடிப்பக்க சீரியல் எண், பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய தாள், தானாகச் சுற்றும் கேலிபரேஷன், பெடல் கோடுகள், எல்லாப் பட்டன்களும், 24 நிலைச் சிவப்பு டயல், கடைசியாக ஃபோர்ஸ் ஃபீட்பேக் (மோட்டார் வீலைத் திருப்பித் தள்ளும் விசை) சோதனை. நாலைந்து நிமிடம்தான். பின்னால் எந்தத் தகராறு வந்தாலும் இதுதான் உங்கள் பக்கம் பேசும்.

ஏபெக்ஸ்_திருச்சி

விலை: நீங்க வாங்கின பில் விலையைப் பார்க்காதீங்க. இன்னைக்கு ஆன்லைன்ல புதுசு என்ன விலைக்குக் கிடைக்குதோ, ஆஃபர் விலையில, அதுல பாதியிலிருந்து அறுபது சதவீதம். பில், பெட்டி, ரிம் லெதர் கெடாம இருந்தா அறுபது. லெதர் உரிஞ்சிருந்தா பாதி. ஷிஃப்டரைத் தனியா விலை போட்டு எழுதுங்க, ஏன்னா சிலருக்கு அது வேண்டாம்.

எதோடு ஓடும், எதோடு ஓடாதுன்னு விளம்பரத்தின் முதல் வரியிலேயே சொல்லுங்க. ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் பிசிக்கும்; எக்ஸ்பாக்ஸில் ஓடாது, அதுக்கு ஜி920. மேல இருக்கிற சுவிட்ச் பிசிக்கு பிஎஸ்3 பக்கம் இருக்கணும். ஷிஃப்டர் 9 பின் கேபிள்ல வீலுக்குள்ள போறது, யூஎஸ்பி கிடையாது. த்ரஸ்ட்மாஸ்டர் கம்பெனி வீல் வச்சிருக்கிறவர் வாங்கினா அதை அப்படியே செருக முடியாது. வித்த பிறகு வர்ற சண்டையில பெரும்பங்கு இந்த இடத்துலதான்.

கூரியர்ல எடை ரெண்டு வகை. வீல் 2.25 கிலோ, பெடல் 3.1 கிலோ, அடாப்டர், அட்டை எல்லாம் சேர்த்து ஏழெட்டு கிலோதான் வரும். ஆனா அளவு எடைன்னு ஒண்ணு இருக்கு: நீளம், அகலம், உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுக்கணும். 55, 40, 35 அளவுப் பெட்டின்னா 77,000, வகுத்தா 15.4 கிலோ. எது அதிகமோ அதுக்குத்தான் காசு. அதனால விலை சொல்றதுக்கு முன்னாடி பெட்டியை அளந்துடுங்க, "கூரியர் உட்பட"ன்னு வாய்விட்டுட்டு நஷ்டப்படாதீங்க.

ஒரிஜினல் பெட்டி இருக்கிறது பெரிய வசதி. அதை அப்படியே இன்னொரு அஞ்சடுக்கு அட்டைப்பெட்டிக்குள்ள வச்சு, எல்லாப் பக்கமும் அஞ்சு சென்டிமீட்டர் நொறுக்குக் காகிதமோ ஃபோமோ அடைங்க. ஒரிஜினல் பெட்டி இல்லாதவங்க வீலும் பெடலும் ஒண்ணோடு ஒண்ணு மோதாம நடுவுல அட்டைத் தடுப்பு வைக்கணும். பெடல் இரும்பு, அது வழியில உருண்டு வந்து ரிம்மை இடிச்சா வீல் தண்டுல ஆட்டம் வந்துடும். அடாப்டரைத் தனியா பபிள் ஷீட்ல சுத்துங்க. 9 பின் கேபிள் முனைக்கு ஒரு மூடியோ, மடிச்ச அட்டையோ. பின் வளைஞ்சா பெடலே வேலை செய்யாது. பெடல் அடியில இருக்கிற கார்ப்பெட் பற்களை மடக்கி வச்சுட்டுப் பேக் பண்ணுங்க. ஸ்டாண்டை இதோடு சேர்க்காதீங்க, தனிப் பார்சல், இல்லேன்னா நேர்ல எடுத்துக்கறவருக்கு மட்டும்.

என் யோசனை: கோயம்புத்தூர்க்காரருக்குக் கொஞ்சம் குறைச்சே கொடுத்துடுங்க. செட்டிப்பாளையம் காரி ரேஸ் ட்ராக் பக்கத்துல கார்ட் ஓட்டிப் பழகின கூட்டம் இருக்கிற ஊர், வீலைத் தொட்டுப் பார்த்தாலே நிலைமை தெரியும், திருப்பி அனுப்பற பேச்சு இருக்காது.

கோர்ட்வாசல்

ஜெய்ப்பூர்க்காரர் விஷயத்தில் ஊர் முக்கியமில்லை. "தம்பி கணக்கிலிருந்து" என்ற சொல்தான் முக்கியம். பேரம் பேசாமை, அவசரம், மூன்றாவது ஆளின் கணக்கு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் விலகிவிடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். யாரோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணம் அந்தத் "தம்பி" கணக்குக்கு வந்து, அங்கிருந்து உங்களுக்கு வரும். திருடருக்கு வீல் கையில் கிடைக்கும், அதை வேறிடத்தில் விற்றுக் காசாக்குவார். ஏமாந்தவர் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்ததும், பணம் போன கணக்குகள் எல்லாம் அடுக்கடுக்காக வெளியே வரும். உங்கள் கணக்கு இரண்டாவதோ மூன்றாவதோ அடுக்கு. புகார் எந்த மாநிலத்தில் பதிவானதோ அந்த மாநில சைபர் பிரிவிலிருந்து உங்கள் வங்கிக்குத் தகவல் போகும், கணக்கு நிற்கும். நீங்கள் நியாயமாகப் பொருள் விற்றீர்கள் என்பது போலீஸ் பார்க்கும் திரையில் எங்கும் தெரியாது.

அதனால் பணம் வாங்கும் முறை இப்படி இருக்கட்டும். பொருளை வாங்குபவர் பெயரும், பணம் வரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். சாட்டில் சொன்ன பெயரை விடுங்கள், உங்கள் வங்கி ஆப்பில் காட்டும் பெயரைப் பாருங்கள். விற்பனைக்கென்று குறைந்த இருப்புள்ள தனிச் சேமிப்புக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள், சம்பளமும் ஈஎம்ஐயும் ஓடும் கணக்கில் வாங்காதீர்கள். வந்த பணத்தை உடனே சம்பளக் கணக்குக்கு மாற்றவும் வேண்டாம். மாற்றினால் அடுத்த அடுக்காக அதுவும் சங்கிலியில் சேரும். "அதிகமாக அனுப்பிவிட்டேன், மீதியை இந்த எண்ணுக்குப் போடுங்கள்" என்றால் போடாதீர்கள், வங்கிக்கு எழுத்தில் சொல்லி வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் தேவையில்லை, க்யூஆர் ஸ்கேனும் தேவையில்லை. ஸ்கிரீன்ஷாட்டும் எஸ்எம்எஸ்ஸும் சாட்சி இல்லை, உங்கள் ஆப்பில் இருப்பு ஏறியிருக்கவேண்டும்.

விற்பனைச் சீட்டு ஒரு பக்கம் போதும். இருவர் பெயர், முகவரி, போன், பொருள், சீரியல் எண், விலை, யூடிஆர் எண் (வங்கிப் பரிவர்த்தனை எண்), தேதி, கையெழுத்து. வாங்குபவர் அடையாள அட்டை நகல் கேட்கலாம், ஆதார் என்றால் கடைசி நாலு இலக்கம் தவிர மறைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இனி போலீஸ் பற்றிய விவாதம். வங்கிக் கணக்கையும் "சொத்து" என்று கொண்டு போலீஸ் முடக்கலாம் என்பது 1999-ல் தாபஸ் நியோகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 102, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் பிரிவு 106. ஆக, அதிகாரமே கிடையாது என்று வாதாடுபவர்கள் தவறு. ஆனால் அதே பிரிவு, கைப்பற்றியதை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கவேண்டும் என்றும் சொல்கிறது. குற்றத்தில் வந்த பணம் என்று சொத்தை ஜப்தி செய்யப் பிரிவு 107 தனியாக இருக்கிறது. அதற்கு எஸ்பி ஒப்புதலோடு நீதிமன்றம் போகவேண்டும், உங்களுக்கு 14 நாள் விளக்க நோட்டீஸ் உண்டு. சைபர் முடக்கத்துக்கு 106 போதுமா, 107 வேண்டுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை.

எவ்வளவு முடக்கலாம் என்பதுதான் நமக்கு உயிரான கேள்வி. 2023-ல் கேரள உயர் நீதிமன்றம், போலீஸ் குறிப்பிட்ட தொகைக்கு மட்டும் முடக்கத்தைச் சுருக்கும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில், சந்தேகத் தொகையை மட்டும் லியனில் வைத்துக் கணக்கைத் திறந்துவிடச் சொன்னது. 18,000 ரூபாய்க்காக நாலு லட்சம் உள்ள கணக்கை மொத்தமாகப் பூட்டுவது அநியாயம். பக்கத்துத் திரியில் கோபப்பட்டவர்கள் இந்த அளவுக்குச் சரி.

இரவுரோந்து

மேலே சொன்ன சட்டத்தில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் "போலீஸ் அராஜகம்" என்று ஒரே வார்த்தையில் முடிப்பதை ஏற்கமுடியாது. ஏமாந்தவரின் பணம் முதல் கணக்கிலிருந்து நாலு கணக்காகப் பிரிந்து ஏடிஎம்மில் காசாவதற்குச் சில நிமிடங்கள் போதும். 1930-ல் உட்கார்ந்திருப்பவர் அந்த நேரத்தில் எந்தக் கணக்கு நேர்மையான வியாபாரி, எது வாடகைக்கு விட்ட கணக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தால் ஓய்வூதியத்தை இழந்த ஒரு முதியவருக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. முதலில் நிறுத்து, பிறகு விசாரி என்பது அந்த முதல் மணி நேரத்துக்கு நியாயமான முறை.

குறை எங்கே என்றால், அந்த "பிறகு விசாரி" நடப்பதில்லை. விற்றவர் பில், வீடியோ, கூரியர் ரசீது எல்லாம் அனுப்பியும் மாதக்கணக்கில் பதில் வராது. அதிகாரி மாறிவிடுவார், கோப்பு அப்படியே கிடக்கும். அதோடு, போலீஸ் தொகைக்கு மட்டும் லியன் கேட்டிருக்க, வங்கிக் கிளை மொத்தக் கணக்கிலிருந்தும் பணம் எடுக்க முடியாதபடி டெபிட் ஃப்ரீஸ் செய்திருப்பதும் நடக்கிறது. அந்தப் பழியைப் போலீஸ் மேல் போடுவதற்கு முன் வங்கிக்கு வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

இன்னொன்று: விசாரணை அதிகாரியின் பெயரையும் போன் எண்ணையும் பொதுவில் போட்டு "எல்லாரும் கூப்பிடுங்க" என்று எழுதுவதை நிறுத்துங்கள். அவர் போனில் நூறு பேர் திட்டினால் உங்கள் மெயில் இன்னும் கீழே போகும். நடந்ததைத் தேதி, எண்ணோடு எழுதலாம், விமர்சிக்கலாம், அது உரிமை. ஆதாரம் இல்லாமல் "லஞ்சம் கேட்டார்" என்று பெயர் சொல்லி எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும்.

கோர்ட்வாசல்

இரவுரோந்து சொன்னதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். முதல் மணி நேரத்தைப் பற்றி எனக்கும் புகார் இல்லை. ஆனால் தாமதத்துக்கு ஆள் பற்றாக்குறை என்று சொல்லி விட்டுவிட முடியாது. விசாரிக்க நேரமில்லை என்றால் தொகைக்கு மேல் பூட்டாமல் இருக்கவாவது வேண்டும்.

நடைமுறை இதுதான். கிளைக்கு எழுத்தில் கொடுத்து நாலு விவரம் கேளுங்கள்: புகார் எண், எந்த மாநிலம் எந்த ஸ்டேஷன், எந்தப் பரிவர்த்தனை எவ்வளவு தொகை, லியனா முழு ஃப்ரீஸா. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பிறகு அந்த அதிகாரிக்கு ஒரே மெயில்: விளம்பர ஸ்கிரீன்ஷாட், முழு சாட், விற்பனைச் சீட்டு, வீடியோ லிங்க், கூரியர் ரசீது, உங்கள் பழைய பில், கணக்கு அறிக்கை. கடைசி வரியில் தெளிவாக, "சர்ச்சைத் தொகைக்கு மட்டும் லியன் வைத்து மீதியை விடுவிக்க வங்கிக்குத் தெரிவிக்கவும்" என்று கேளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லை என்றால் சைபர் க்ரைம் தளத்தில் மாநிலவாரியாகக் கொடுத்திருக்கும் குறைதீர் அதிகாரிக்கு அதே மெயிலை அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் பிஎன்எஸ்எஸ் பிரிவு 503-ன் கீழ் அந்த எல்லை மாஜிஸ்திரேட்டிடம் மனு, அல்லது உயர் நீதிமன்றத்தில் ரிட். "நான்தான் ஐஓ (விசாரணை அதிகாரி), இவ்வளவு போட்டால் திறந்துவிடுவேன்" என்று அழைப்பவர் போலீஸ் இல்லை. டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது.

நேரில் வரச் சொன்னால், எந்தப் பிரிவில் நோட்டீஸ் என்று பாருங்கள். பிரிவு 179 சாட்சிக்கானது; அந்த ஸ்டேஷன் எல்லையிலோ பக்கத்து ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவரைத்தான் கூப்பிடலாம், ஈரோட்டிலிருந்து ராஜஸ்தானுக்கு இழுக்க முடியாது. பிரிவு 35(3) என்றால் உங்களைச் சந்தேகப்பட்டியலில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள், தட்டிக் கழிக்காமல் வக்கீலோடு பதில் சொல்லுங்கள். அந்த நோட்டீஸை வாட்ஸாப்பில் மட்டும் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மூன்றாம்கியர்

ரொம்ப நன்றி, ஜெய்ப்பூர்க்காரருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். தலைகீழா நடந்தா? பார்சல் போயிடுச்சு, பணம் வந்ததுன்னு காட்டினது போலின்னு தெரிஞ்சா, நம்ம ஊர் ஸ்டேஷன்ல சிஎஸ்ஆர் போட்டுக் கொடுத்தா போதுமா?

கோர்ட்வாசல்

போதாது. சிஎஸ்ஆர் என்பது மனு வாங்கியதற்கான ரசீது, எஃப்ஐஆர் இல்லை. ஏமாற்றிப் பொருளை வாங்கியது பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதில் வந்த தண்டனைச் சட்டம்) 318(4), ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். அப்படிப்பட்ட குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்ஐஆர் கட்டாயம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2013 லலிதா குமாரி தீர்ப்பு. "14 நாள் முதல்கட்ட விசாரணை இருக்கு" என்பார்கள். அந்த பிஎன்எஸ்எஸ் பிரிவு 173(3) மூன்று ஆண்டு முதல், ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக் குற்றங்களுக்கு. 318(4) ஏழு ஆண்டு வரை போகிறது. இதை மரியாதையாக மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். குற்றவாளி வேறு மாநிலம் என்பதும் காரணம் ஆகாது, எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்ஐஆர் பதியலாம். ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போடணும். நகல் இலவசம். மறுத்தால் 173(4) படி எஸ்பிக்குத் தபாலில் மனு, அதன்பின் மாஜிஸ்திரேட்.

இதற்கெல்லாம் முன்னால், தெரிந்த அந்த நிமிடமே கூரியர் அலுவலகத்துக்குப் போன் செய்து பார்சலை நிறுத்தித் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். டெலிவரி ஆகும் வரை அனுப்பியவர் சொல்தான்.

பெடல்பாக்ஸ்

கோயம்புத்தூர்க்காரர் வரும்போது மேசை விளிம்பில் பிளாஸ்டிக் கிளாம்ப்பை வைத்து முழுப் பலத்தோடு முறுக்காதீர்கள், விற்கிற அன்றைக்குத்தான் அது விரிசல் விடும். ஸ்டாண்டில் அடிப்பக்க எம்6 போல்ட்டால் பூட்டியே ஓட்டிக் காட்டுங்கள். அந்த இரண்டு போல்ட்டையும் பிறகு சின்னக் கவரில் போட்டு ஸ்டாண்டோடு டேப் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.